தண்ணீருக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு தென்னை

இருபத்திரண்டு வருட சர்வீஸில் லிங்கேஸ்வரன் மேல் ஒரே ஒரு மொட்டைப் பெட்டிஷன்கூட வந்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். சொல்லியும் பார்த்தார். கேட்டவர்களோ, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையின் அப்பாவைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

பொன்னுராஜுக்குப் பதினான்கு வந்திருந்தது.

இருவருக்கும் ராஜபாளையத்தில் ஒரே தெரு. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. பால்கோவா வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாதது. பட்டா வாங்க வருகிறவர்கள் கனவிலும் வருவது. பொன்னுராஜுக்குப் பட்டா மாறுதல் சீட். லிங்கேஸ்வரனுக்குப் பதிவறை. அங்கே மனிதர்கள் வருவதில்லை, முடிந்துபோன கோப்புகள் மட்டும் வரும். வருகிற ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் "லி" என்று சுருக்கொப்பம் போட்டு, தேதி எழுதி, கட்டிவைப்பதுதான் அவர் உத்தியோகம். அந்த அறையில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தவர்கூட இதுவரை கிடையாது.

காலை பஸ்ஸில் ஜன்னல் சீட் பொன்னுராஜுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது அப்படித்தான்.

"ஏலே லிங்கம், நேத்து ஒண்ணு வந்திருக்குலே. பதினாலாவது. சோழபுரத்துல எனக்கு ரெண்டு மாடி வீடு இருக்குன்னு எழுதிருக்கான்."

"இருக்கா?"

"மூணு மாடிலே. ஒழுங்கா எண்ணத் தெரியாத பயலுவ எல்லாம் பெட்டிஷன் போட வந்துட்டானுவ."

பெண் கேட்டு வருகிறவர்களால் வீட்டில் செத்த நேரம் உட்கார முடியவில்லை என்று ஓர் அப்பா சலித்துக்கொள்வாரே, அந்தச் சலிப்பு. லிங்கேஸ்வரன் எதிர்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொடுமை என்னவென்றால், அந்தப் பதினான்கையும் பத்திரப்படுத்துவதும் அவர் வேலைதான். "மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது" என்ற முத்திரையோடு எல்லாம் பதிவறைக்கு வந்து சேரும். அவர் ஒன்று விடாமல் வாசித்தார். ஒருவன் நான்கு நிற மையில் எழுதியிருந்தான். இன்னொருவன் பொன்னுராஜை 'ராஜாதி ராஜன்' என்று திட்டியிருந்தான். ஒன்றில் மட்டும் பெயர் இருந்தது: சோழபுரம் பாலம்மாள். செத்துப்போன புருஷன் நிலத்தைத் தன் பேருக்கு மாற்றித் தராமல், பதினோரு மாதமாக இன்றைக்கு வா நாளைக்கு வா என்று நடக்கவைக்கிறாராம். சர்வே நம்பர் எழுத மறந்திருந்தாள். அதனால் அவள் நிலம் அரசாங்கத்தைப் பொறுத்தவரை எங்கும் இல்லை.

ஒரு மனிதனை இத்தனை பேர் நினைத்துக்கொண்டே இருக்கிறார்களே என்று லிங்கேஸ்வரனுக்கு நெஞ்சு எரிந்தது.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. "அந்தண்ணன் பேரச் சொன்னா சோழபுரம் வரைக்கும் பதறுதாம்," என்றாள் மனைவி பரிபூரணம். "ஒங்க பேரச் சொன்னா, ஒங்க ஆபீஸ்லயே எந்த லிங்கேஸ்வரன்னு கேக்காவ."

ஜூன் மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஜீப் உள்ள பதவி, ஒரே ஒரு இடம். முதல் பெயர் லிங்கேஸ்வரன், இரண்டாவது பொன்னுராஜ். பதினான்கு பெட்டிஷனும் சேர்ந்து பொன்னுராஜின் பெயரில் ஒரு புள்ளியைக்கூட அசைக்கவில்லை. ஆர்டர் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

மறுநாள் பஸ்ஸில் பொன்னுராஜ் கோபப்படவில்லை. அதுதான் வினை. லிங்கேஸ்வரனின் தொடையில் தட்டி, "ஜீப்பு ஒனக்குத்தாம்லே," என்றார். "இருக்கட்டும். பெட்டிஷன் இல்லாதவனுக்கு அதாவது கெடைக்கட்டும்."

அந்த "அதாவது" லிங்கேஸ்வரனை மூன்று நாள் சாப்பிடவிடவில்லை. நான்காம் நாள், தன்மேல் தானே ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுத உட்கார்ந்தார்.

இதில் ஆபத்தில்லை என்று அவருக்குத் தெரியும். பெட்டிஷன்கள் எங்கே போய்ச் சேரும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? வரும், பேசப்படும், முத்திரை விழும், தன் அலமாரிக்கே திரும்பும். பேச்சு மட்டும் மிஞ்சும். அவருக்கு வேண்டியதும் அது மட்டும்தான்.

பஞ்சு மார்க்கெட் அருகே ஒரு டைப் கடையில் அடிக்கக் கொடுத்தார். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. பிளவக்கல் அணைப் பக்கம் பினாமி பெயரில் லிங்கேஸ்வரனுக்குத் தென்னந்தோப்பு இருப்பதாகக் குற்றச்சாட்டு. முந்நூறு மரம் என்றால் கதைபோல் இருக்கிறதென்று முந்நூற்றுப் பன்னிரண்டு ஆக்கினார். சர்வே நம்பர் வந்தபோது மட்டும் மனசாட்சி குறுக்கே வந்தது. அடுத்தவன் நிலத்தில் பழி விழக் கூடாது. எந்தக் காலத்திலோ அணைக்குள் முழுகிப்போன ஒரு நம்பரைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், யாரும் பார்க்காமல் தபாலில் சேர்த்தார்.

விபரீதம் மனுவின் அழகில் இருந்தது. பத்தி பிரித்து, எண் போட்டு, விதி காட்டி எழுதிய ஒரு புகாரை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. இதைக் கிடப்பில் போட்டால் நம் தலை உருளும் என்று மேலே இருந்தவர்கள் பயந்தார்கள். பத்தே நாளில் விசாரணைக்கு உத்தரவு வந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரம் முளைத்தது: விசாரணை நிலுவை.

அன்று பிற்பகல் பதிவறைக்குக் கேட்காமலே டீ வந்தது. உடன் ஒரு வடையும்.

செய்தி வீட்டில் பரிபூரணத்துக்கும் எட்டியது. கடையில் தேங்காய் வாங்குவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் சட்னி இல்லாத இட்லியை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். மூன்றாம் நாள் அவர் திருட்டுத்தனமாகச் சந்தையில் நாலு தேங்காய் வாங்கி, மட்டையோடு கிடைக்குமா என்று விசாரித்து எடுத்துவந்தார்.

பஸ்ஸில் பொன்னுராஜ் பாதி தூரம் வரை டிக்கெட்டை மடித்தும் பிரித்தும் கொண்டிருந்தார்.

"முந்நூத்திப் பன்னெண்டு," என்றார் கடைசியில். "ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே. பொண்டாட்டிகிட்டச் சொல்லாததைக்கூட ஒங்கிட்டச் சொல்லிருக்கேன்."

லிங்கேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எளனியா, காயா?"

"கலந்துதான்."

பொன்னுராஜ் எழுந்தார். "இங்கிட்டு உக்காரு. ஒனக்குக் காத்து வேணும்."

அன்று முதல் ஜன்னல் சீட் கைமாறியது.

விசாரணைக்கு விருதுநகரிலிருந்து பியூலா என்ற அதிகாரி வந்தார். இளம்வயது, அதனால் கோப்பை முழுதாக வாசித்துவிட்டு வந்திருந்தார். அதை லிங்கேஸ்வரன் எதிர்பார்க்கவில்லை.

"சார், இந்த சர்வே நம்பர்ல தோப்பு இல்ல. டேம் தண்ணிதான் கெடக்கு."

"சரிங்க மேடம்."

"பொறவு இது." மனுவை அவர் பக்கம் திருப்பி, கீழ் மூலையில் விரல் வைத்தார். 'லி'. பக்கத்தில் தேதி. இருபத்திரண்டு வருடக் கை, தாளைக் கண்டதும் தன் வேலையை முடித்திருக்கிறது. மூன்று பக்கத்திலும்.

"ஒங்க ரிக்கார்ட் ரூம்ல எல்லா பேப்பர்லயும் இதே கையெழுத்தப் பாத்துட்டேன்," என்றார் பியூலா, குரலைத் தாழ்த்தி. "ஏன் செஞ்சீங்கன்னு கேக்க மாட்டேன். 'நான்தான் எழுதினேன், தோப்பு எதுவும் இல்ல'ன்னு ஒரு வரி குடுங்க. கண்டிச்சு மூடிருதேன். ஸ்டார் போயிரும். ப்ரமோஷன் ஒங்களுக்கு."

லிங்கேஸ்வரன் பேனாவைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் பொன்னுராஜ், போன வருட ஏல அறிவிப்பை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தார். கண் அறிவிப்பில் இருந்தாலும் காது இங்கே இருந்தது. முகம் வாடி, ஒரு சுற்று இளைத்தும் போயிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தை லிங்கேஸ்வரன் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

பேனாவை மூடினார்.

"அது என் கையெழுத்து இல்ல மேடம்."

"அப்ப தோப்பு?"

"மனுவுல உள்ளபடி."

பியூலா மனுவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எழுதினார்: 'மேற்படி நிலம் நீரில் மூழ்கியுள்ளதால், நீர் வற்றிய பின் அளவீடு செய்து அறிக்கை சமர்ப்பிக்கப்படும். அதுவரை நிலுவை.'

அந்த வருடம் நல்ல மழை. ஜீப் பொன்னுராஜுக்குப் போனது. "தண்ணிக்குள்ள கணக்குக் காட்டிருக்கான் பாரு, மூள!" என்று அவரே எல்லோரிடமும் வியந்து, அன்று மதியம் சோறு இறங்காமல் டிபன் பாக்ஸை மூடினாராம்.

ஒரு வாரம் கழித்துப் பதிவறை வாசலில் மஞ்சள் பையோடு ஒரு பெண் நின்றாள்.

"அய்யா, சோழபுரம் பாலம்மாள். ஒங்க மேல ஒருத்தவிய பெட்டிஷன் எழுதினாவளாமே? பத்து நாள்ல விசாரணை வந்துச்சாமே?"

"ஆமா."

"அவிய எங்க இருக்காவ? எனக்கும் ஒண்ணு எழுதணும், பொன்னுராசு அய்யா மேல. நான் குடுத்தது சரியில்லன்னுட்டாவ. பெரிய பதவிக்குப் போயிட்டாவ, இனி நான் எங்க போய்ப் பாக்க?"

பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள். சர்வே நம்பர், புருஷனின் இறப்புச் சான்று, எத்தனை முறை வந்தாள் என்பதற்குப் பஸ் டிக்கெட்டுகள்கூட நூலில் கோத்து இருந்தன. எல்லாம் இருந்தது. எழுத ஆள் மட்டும்தான் இல்லை.

லிங்கேஸ்வரன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'பொருள்:' என்று எழுதினார். அந்த இரண்டு புள்ளி விழுந்ததும் மீதி முழுவதும் தானாகக் கண்ணில் ஓடியது. பத்து நாளில் விசாரணை. இது உண்மையான மனு, அதனால் விருதுநகரோடு நிற்காது. மதுரையிலிருந்து லஞ்ச ஒழிப்பு வண்டிகள் வரும். கேட்டைப் பூட்டிக்கொண்டு அலமாரிகளைத் திறப்பார்கள். மூன்று மாடியும் பேப்பரில் போட்டோவாக வரும். பொன்னுராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்து வருவார். தெருவே திரண்டு நின்று பார்க்கும். பரிபூரணமும் முதல் வரிசையில் நின்று பார்ப்பாள்.

அதற்குப் பிறகு தண்ணீருக்குள் இருக்கிற தென்னையை யார் எண்ணப் போகிறார்கள்?

"அவரு இப்ப எழுதறதில்ல ஆத்தா," என்றார்.

"அப்படியா?" பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தாள். "மறுபடி எழுத ஆரம்பிச்சா சொல்லி அனுப்புங்கய்யா. நான் சோழபுரத்துலதான் இருப்பேன்."

அவள் போனபிறகு, அந்த ஒற்றைச் சொல் எழுதிய தாளின் மூலையில் 'லி' என்று போட்டு, தேதி எழுதி, கட்டிவைத்தார்.

மாலை பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட். ஊர் எல்லையைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக்கொண்டு ஜீப் ஒன்று முந்தியது. முன்சீட்டில் இருந்த பொன்னுராஜ் தலையை வெளியே நீட்டி, பஸ் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். லிங்கேஸ்வரன் ஜீப்பைப் பார்த்தார். இருவரும் சிரித்துக்கொள்ளவில்லை.

பிளவக்கல் அணைப் பக்கம் மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. லிங்கேஸ்வரன் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டு போனார்.