ஆறு மூஞ்சி இருக்கிற சாமி

கொள்ளுத்தாத்தாவுக்கு ஓட்டு இருந்ததை நிரூபிக்காதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இல்லாமல் போய்விட வேண்டும் என்று எங்கள் தெருவுக்குச் சுற்றறிக்கை வந்தது. எதிர்வீட்டு லோகநாதன் வியாழனன்றே போய்விட்டார். ரயிலுக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறவர் அவர்.

நான் மனைவி நிர்மலாவுடன் வாக்காளர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நடைபாதை நடக்க நடக்க நீண்டது. கதவுகளில் பழைய மில் லைன் வீடுகளின் எண்கள். என் கொள்ளுத்தாத்தா சண்முகம் கோயம்புத்தூரில் மில் தொழிலாளி. லைன் வீட்டு எண் பதினான்கு. அந்தக் கதவு திறந்தே இருந்தது. எழுத்தருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தேன்.

அவர் பழைய வாக்காளர் பட்டியலைப் பிரித்தார். பஞ்சுத் தூசி பறந்தது.

"பதினாலுல சண்முகம் இல்லீங்க. ஆறுமுகம்தான் இருக்காரு."

"எப்படிங்க?"

"ஓட்டுக்குப் பேரு எழுத வீட்டுக்கு ஆளு போனப்ப உங்க கொள்ளுத்தாத்தா மில்லுல. சம்சாரம் மட்டும் இருந்திருக்காங்க. புருசன் பேரச் சொல்லுவாங்களா? ஆறு மூஞ்சி இருக்கற சாமி பேருன்னாங்களாம். எழுதினவரு ஆறுமுகம்னு எழுதிட்டாரு."

"ரெண்டும் ஒரே சாமிதானுங்களே."

"சாமி ஒண்ணுதான். ஆளு வேற."

சுவரோர பெஞ்சைக் காட்டினார். அங்கே ஆறுமுகம் மில் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முதல் தேர்தலிலிருந்து ஓர் ஓட்டும் விட்டதில்லையாம். பக்கத்தில் அவருடைய வாரிசுகள் வரிசையாக. கடைசி ஆளுக்கு என் வயது. காலில் என் செருப்பு. எழுத்தர் பக்கம் திரும்பினேன்.

"இப்ப என்னங்க செய்யறது?"

"சம்சாரம் உங்க பேரச் சொன்னாப் போதும். எழுதிக்கறேன்."

நிம்மதியாக இருந்தது. நிர்மலா தெருமுனையிலிருந்தே "கதிரவா" என்று கத்திக் கூப்பிடுகிறவள். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

நிர்மலா வாயைத் திறந்தாள். மூடினாள். தலையைக் குனிந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வீட்டிலிருந்து சுடிதாரில்தான் வந்திருந்தாள்.

"சொல்லு நிர்மலா," என்றேன்.

"அவிய பேர நான் எப்படிங்க சொல்றது?" என்றாள் எழுத்தரிடம். "காலைல கெழக்க வருமுங்களே, அது."

நானே என் பெயரைச் சொன்னேன். அதே நேரம் மில் சங்கு ஊதியது. ஊதி முடிக்கும்வரை எழுத்தர் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு நிதானமாக எழுதினார்.

"பாஸ்கரன்."

பெஞ்சின் கடைசி ஆள் எழுந்து வந்தார். என் வீட்டுச் சாவி அவர் கையில் இருந்தது. நிர்மலா அழுதாள். "போலாமுங்க," என்றாள் அவரிடம்.

வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "க..." என்று ஆரம்பித்தாள். அவர் லேசாகச் செருமினார். நிறுத்திக்கொண்டாள்.

"அடுத்து," என்றார் எழுத்தர். "அந்தக் காலி நாற்காலில உக்காருங்க."

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் வந்து வசதியாக உட்கார்ந்தார்.