ஏழாவது முதல் வருகை

ஓர் ஊரின் நோய்களை ஒழிக்கப் பன்னிரண்டு நாட்கள் தாராளம். கல்லூரி விடுமுறை பதினான்கு நாட்கள். போக ஒன்று, வர ஒன்று. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் எட்டுப் பேரையும் கடல் கடந்து ஒரு மருத்துவ முகாமுக்குத் தொண்டு செய்ய அனுப்பினார்கள். அங்கேயும் நம் மொழிதான். பள்ளி வகுப்பறையில், முழங்கால் இடிக்கும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அட்டை எழுதுவது என் வேலை.

இரண்டாம் நாள் இஸ்திரிக்காரம்மா வந்தார். விடுதித் துணிகளை நாளெல்லாம் நின்றபடி தேய்க்கிறவர். சர்க்கரை வியாதி, இடது பாதத்தில் ஆறாத புண். உள்ளூர் நர்ஸக்கா கட்டைப் பிரித்தபோது நான் ஜன்னல் வழியே இயற்கையை ரசித்தேன். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது.

அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆறு பழைய அட்டைகளை எடுத்துப் போட்டார். ஆறிலும் ‘முதல் வருகை’.

“என்னக்கா, ஆறு தடவையும் முதல் தடவையா?” என்று நர்ஸக்காவைக் கேட்டேன்.

“வர்ற குழு ஒவ்வொண்ணும் புதுசாத்தான் எழுதும் தம்பி. புது ஆள் கணக்குதான் மேல போகும்.”

குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, ‘அட, இங்கே ஒரு வீடு’ என்று வியந்தவர்களைப் போல, ஆறு குழுக்கள் அந்த அம்மாவை ஆறு முறை கண்டுபிடித்திருந்தன. அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர்களை நான் நடித்துக் காட்டினேன். “வாங்கம்மா, உங்களை இதுக்கு முன்னாடி எங்கயும் பார்த்ததே இல்லையே.” ஒருவனுக்குப் புரையேறியது.

ஆனால் அதற்கு முன், அம்மாவுக்குக் கட்டுப் போட்டபடி நர்ஸக்கா சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. “பெரிய ஆஸ்பத்திரியில இலவசமா சேர்க்கணும்னா ஒரே அட்டையில மூணு வருகை இருக்கணும், முகாமுக்கு ஒண்ணு. சேர்த்துட்டா புண்ணை அறுத்து சுத்தம் பண்ணிடுவாங்க. இல்லேன்னா இப்படியே கட்டு மாத்திக்கிட்டு இருக்கணும். கால் போற வரைக்கும்.”

நான் ஆறாவது அட்டையை எடுத்து ‘இரண்டாம் வருகை’ என்று எழுதினேன். “அடுத்த குழு மூணாவதை எழுதிடும்மா. அப்புறம் நேரா ஆஸ்பத்திரிதான்.”

“ரெண்டுன்னா போட்டிருக்கு?”

“ரெண்டேதான்.”

அம்மா மற்ற ஐந்தையும் கவருக்குள் போட்டுவிட்டு, அதை மட்டும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். அந்தச் சூட்டில் இன்னும் முப்பத்தொன்பது பேரின் பழைய அட்டைகளிலும் நான் தொடர்ந்து எழுதினேன். சரித்திரம் படைப்பது கையை வலிக்கச் செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் குழுத் தலைவர் பேரேட்டோடு வந்தார். “ஆயிரம் புது ஆள்னு மேல எழுதிக் கொடுத்திருக்கோம். தொள்ளாயிரத்து அறுபதுதான் வருது. நாற்பதை எந்த மகராசன் முழுங்கினான்?”

“நான்தான் சார். அவங்கல்லாம் பழைய ஆளுங்க.”

“ஆளு பழசா இருந்துட்டுப் போகட்டும்ப்பா. அட்டை புதுசா இருக்கணும்.”

நேர்மையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். முடிகிறவரை காத்திருந்து, நர்ஸக்கா அலமாரியைத் திறந்து காட்டினார். ஏழு சுருள் கட்டுத்துணி.

“ஆயிரம் வரலேன்னா அடுத்த குழுவை அனுப்ப மாட்டாங்க தம்பி. குழு கொண்டு வர்ற துணியை வெச்சுத்தான் நடுவுல இருக்குற மாசத்தை ஓட்டுறேன். நாளைக்கு அந்த நாப்பது பேரையும் வரச் சொல்லியிருக்கேன்.”

“பழைய அட்டையும் அவங்ககிட்ட இருக்கட்டுமே.”

“ஆளுக்கு ஒரு நம்பர்தான். புதுசு போட்டா பழசு செல்லாது.”

அந்த நேரத்துக்கு ஒரு நக்கல் தேடினேன். அகப்படவில்லை.

கடைசி நாள் காலை முதல் ஆளாக இஸ்திரிக்காரம்மா வந்தார். வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தார். நர்ஸக்கா கட்டைப் பிரித்தார். இரண்டாம் விரலின் நுனி கருத்திருந்தது. புதுத்துணி சுற்றி முடிந்ததும், அம்மா வியர்வையில் நனைந்து வளைந்திருந்த அட்டையை என் முன்னால் வைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். பாதிப் பாதி வாக்கியங்களாக.

“எழுதுங்க தம்பி. போன தடவை வந்த புள்ளையும் உங்களை மாதிரியேதான், பேனாவைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு.”

“அப்புறம்?”

“எழுதிடுச்சு. வெயில்ல வரிசை நிக்குதுல்ல, பாவம்.”

அட்டைக் கட்டிலிருந்து புதியது ஒன்றை உருவினேன்.

“பேரு சொல்லுங்கம்மா.”

சொன்னார். வயதையும் நோயையும் நானே எழுதினேன். ‘முன்பு சிகிச்சை பெற்றதுண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்தவரை வரச் சொன்னேன்.