மூலக் கட்டுரை கேட்டவர்

நூலகர் விஸாலுக்கு ஒரு மனக்குறை உண்டு. பதினொரு வருடமாக மாதம் தவறாமல் அவள் போடும் நூலகச் செய்தித் தாளைக் கரக் நகர ஆஸ்பத்திரியில் ஒருவரும் படிப்பதில்லை என்பதுதான் அது. ஒரே ஒரு தாள். புதிதாக வந்த புத்தகங்கள், கணினியில் எந்த மருத்துவ இதழை எப்படித் திறப்பது, ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் சாரம் எளிய அரபியில் பத்து வரி, கடைசி மூலையில் ஒரு சமையல் குறிப்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் அந்த மூலையைப் பற்றித்தான் பேசுவார்கள். எக்ஸ்ரே அறை அபூ ஸலீம் அதை மட்டும் கத்தரித்து மனைவிக்குக் கொண்டுபோனதாக அவளிடமே பெருமையாகச் சொன்னார். அன்றெல்லாம் விஸாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்டவள் இந்தப் புதன்கிழமை காலையில், கடவுளே, யாரும் படித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டரை மணிக்குக் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. இந்த மாதத் தாளில் சாரம் போட்ட கட்டுரையின் மூலம் முழுதாக வேண்டுமாம். கீழே டாக்டர் ஸுஃப்யானின் கையெழுத்து. மூன்று மாதத்தில் வந்த முதல் விண்ணப்பம் இது. விஸாலுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் எழுத்து இவ்வளவு முத்து முத்தாக இருக்கிறதே என்று ஒருகணம் வியந்துவிட்டு, கட்டுரையை அச்செடுத்துப் பின் அடிக்கப் போனாள். போனவள் மூன்றாம் பக்கத்து அட்டவணையைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

குழந்தைகளின் வாந்தியை நிறுத்தும் மருந்து அது. எடைக்கு இவ்வளவு என்று போட்டு, பக்கத்தில் ‘நாள் முழுவதற்கும், மூன்று வேளையாகப் பிரித்து’ என்றிருந்தது. அவளுடைய தாளில் எடைக்கு இவ்வளவு என்பது மட்டும்தான் இருந்தது. படிக்கிறவர் ஒரு வேளைக்கு அவ்வளவு என்றுதான் எடுத்துக்கொள்வார். மூன்று மடங்கு.

எப்படி விட்டுப்போனது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை சமையல் மூலையில் ரஷூஃப் கஞ்சியின் செய்முறை ஒரு வரி நீண்டுவிட்டது. தாள் ஒரு பக்கத்தைத் தாண்டியது. ரஷூஃபைக் குறைத்தால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சாரத்தில் ‘தேவையில்லாத’ வார்த்தைகளை வெட்டினாள். வெட்டியது அந்த வார்த்தைகளை.

மருந்தகத்துக்குப் போன் செய்து சொன்னாள். குழந்தைகள் வார்டு எண் வழக்கம்போலப் பேச்சிலேயே இருந்தது. கட்டுரையைச் சுருட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். அவசரப் பிரிவுப் பலகையிலிருந்து தன் தாளைக் கிழித்தாள். பிரசவ வார்டில் கிழித்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கிழிப்பதைப் பார்த்த சமையற்காரர், ரஷூஃபை இன்னும் எழுதிக்கொள்ளவில்லையே என்று குறைபட்டுக்கொண்டார். வழியில் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. கட்டுரையை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டால் என்ன? நூலக அறைமேல் நிர்வாகத்துக்கு ஏற்கெனவே ஒரு கண். நோயாளிகள் காத்திருக்க நாற்காலிகள் போட வேறு இடமில்லையாம். தப்புத் தாள் போடும் நூலகம் எதற்கு என்று ஒரு வார்த்தை போதும். அந்த யோசனையோடு ஒரு மாடி இறங்கினாள் என்பதுதான் உண்மை. அடுத்த மாடியில் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அந்த யோசனை நிற்கவில்லை.

குழந்தைகள் வார்டுப் பலகையில் நான்கு குண்டூசிகள்தான் இருந்தன, தாள் இல்லை. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், எதிரே வந்த இளம் நர்ஸ் இப்திஹால் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து எதையோ பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். மருந்தளவுகளை நர்ஸ்கள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள் என்பதை விஸால் மறந்தே போயிருந்தாள். பலகையில் கிழித்தால் போதுமா? ஒவ்வொரு பையிலும் அது உட்கார்ந்திருக்கிறதே.

தலைமை நர்ஸ் கிதாமை ஆஸ்பத்திரி முழுக்க உம் ராகான், ராகானின் அம்மா, என்றுதான் கூப்பிடும். முகத்துக்கு நேரே பேசுகிறவள். விஸால் அவளைத் தேடிப்பிடித்து, மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

“தப்பு என்னோடது, உம் ராகான். ஒரு வேளைக்கு இல்ல அது, நாள் முழுக்க. நான்தான் வெட்டினேன்.”

உம் ராகான் தன் நோட்டைத் திறந்து நீட்டினாள். விஸாலின் பத்து வரியும் வார்த்தை மாறாமல் அதில் இருந்தது. முந்தைய பக்கத்தில் போன மாதத்துச் சாரம், அதற்கு முன்னால் அதற்கும் முந்தையது. இந்த மாத அளவைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த முத்து முத்தான எழுத்தை விஸாலுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. காலையில் வந்த படிவத்தில் இருந்ததும் இதே எழுத்துதான்.

“திங்கக்கிழமையே சந்தேகம் வந்துச்சு,” என்றாள் உம் ராகான். “இவ்ளோ குடுத்து நான் பாத்ததே இல்ல. ஆனா புதுசா ஏதாச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்களோ என்னவோ. மூலத்தப் பாத்தாத்தானே நான் தப்பா நீங்க தப்பான்னு தெரியும்?”

அதுவரை அந்த மருந்தை யாரும் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை விடுப்பிலிருந்த இப்திஹாலுக்கு மட்டும் அது தெரியாமல் போனது. செவ்வாய்க்கிழமை வந்தவள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு, நாலாம் கட்டில் ஜூதுக்குப் போட ஊசிக்குள் மருந்தை எடுத்தும்விட்டாள். போடுவதற்குள் உம் ராகான் கையைப் பிடித்துத் தடுத்தாள். அதற்கப்புறம்தான் தாளைக் கிழித்தது.

நாலாம் கட்டிலில் மூன்று வயது ஜூத் கால்களை ஆட்டிக்கொண்டு ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள். விஸாலால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது, அதை மறைக்கக் கோபமாகப் பேசினாள்.

“அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே? ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் குடுத்திருப்பேனே.”

“உங்க படிவத்துல நர்ஸுக்கு எடம் எங்கம்மா இருக்கு?” உம் ராகான் சாதாரணமாகத்தான் கேட்டாள். “மேலயே போட்டிருக்கு, கேட்கும் டாக்டர் பேரு, டாக்டர் கையெழுத்துன்னு. ஸுஃப்யான் தங்கச்சி கல்யாணத்துக்கு இர்பித் ஊருக்குப் போயிட்டாரு. இன்னிக்குக் காலையில திரும்பி வந்தவர வாசல்லயே நிறுத்திக் கையெழுத்து வாங்கினேன்.”

அந்தப் படிவத்தை வடிவமைத்ததும் விஸால்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், அன்றைய தலைமை மருத்துவர் மெச்சவேண்டும் என்று போட்டது. அதற்கப்புறம் அதை அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. என்னைப் படிக்க ஆளில்லை என்று பதினொரு வருடம் புலம்பியிருக்கிறாள், படித்தவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு.

கட்டுரையை உம் ராகான் கையில் கொடுத்தாள். நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்து மேசைமேல் நோட்டைத் திறந்து வைத்தார்கள். விஸால் தன் கையாலேயே எல்லாவற்றிலும் திருத்தினாள். அவள் கிளம்பும்போது உம் ராகான் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“ரஷூஃபுலயும் தப்பு. ஜமீத் தயிர்க்கட்டியே உப்புதான், அதுல மறுபடி ரெண்டு கரண்டி உப்பா? எங்க வீட்டு மனுஷன் ராத்திரி பூரா தண்ணி குடிச்சாரு.”

அன்று மதியமே புதுத் தாள் வெளியானது. மேலே பெரிய எழுத்தில் திருத்தம், அதன் கீழ் விஸாலின் முழுப் பெயர், தவறு தன்னுடையது என்று ஒரு வரி. கடைசி மூலை காலி. நிர்வாகத்துக்கு ஒரு பிரதியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். துணை இயக்குநர் படித்துவிட்டு, பார்க்கலாம் என்றார். அறை என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திரும்பி வந்து, இருந்த படிவக் கட்டு முழுவதிலும் ‘டாக்டர்’ என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்தாள். கட்டை வார்டு வார்டாகக் கொண்டுபோய் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தபோது உள்ளே தரையில் ஒரு படிவம் கிடந்தது. கோணல் மாணலான எழுத்து. கேட்பவர்: இப்திஹால், நர்ஸ், குழந்தைகள் வார்டு. வேண்டியது: போன மாதச் சாரத்தின் மூலக் கட்டுரை. எதற்காக: சரிபார்க்க.