இரண்டு மணிக்கு அடிக்காத மணி

மலேசியாவின் சுங்கை லாலாங்கில் ரப்பர் தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டி வெகுநாள் ஆன பிறகு, லோகேஸ்வரியின் இடது மார்புக்குள் பெரட்டு மணி அடிக்கத் தொடங்கியது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அடித்த அதே தண்டவாளத் துண்டின் ஓசை. காலை ஐந்தரைக்கு அது எல்லா வீடுகளுக்கும் கேட்டது. முதல் வாரம் நாய்கள் குரைத்தன. அடுத்த வாரம் பலர் அலாரம் வைப்பதை விட்டார்கள். கூலிம் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை அதன்பின் யாரும் தவறவிடவில்லை.

தோட்டம் போனபோது வேறிடத்துக்கு மாற்றப்பட்ட முனியாண்டி சாமிதான் வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. லோகேஸ்வரி நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை இலைப் பொட்டலமாக விற்கும் மேசையில், சாமிக்குப் படையலாகச் சுருட்டுகள் சேர்ந்தன. பக்கத்து வீட்டு மணியம் தானும் சுருட்டு வைத்து, "லோகா, சாமிகிட்ட சொல்லி ஞாயித்துக்கெழம மட்டும் லீவு வாங்கிக் குடுலா" என்று தினமும் கெஞ்சினார்.

நாற்பத்தாறு வயதுவரை அவள் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது அவள் உடம்பைக் கேட்டு ஊரே எழுந்தது. அந்தப் பெருமையை விட மனம் வராததால், மணி அடிக்கும் இடத்தில் விரலுக்குத் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மார்புப் புற்றுநோயில் போனதை நினைக்காமலிருக்க, பொட்டலத்துக்கு இன்னும் நிறைய இலை மடித்தாள்.

தொழிற்சாலை விடுமுறையில் வீட்டிலிருந்த தங்கை இராசாத்திதான் ஒரு மதியம் கேட்டாள். "அக்கா, தோட்டத்துல ரெண்டு மணிக்கு வேல முடியற மணியும் அடிப்பாங்கதானே? அது எங்க? உன் சாமிக்கு ஆரம்பிக்க மட்டுந்தான் தெரியுமா?"

லோகேஸ்வரி சிரித்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்துக் கட்டியின்மேல் வைத்தாள்.

கைப்பேசியில் பதிந்து கொண்டுபோன மணியோசையை, சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில் டாக்டர் சாஃபியா இரண்டு முறை கேட்டார். வியப்படையவில்லை. "உடம்புல புரதம் செய்யச் சொல்ற ஆர்.என்.ஏ. இருக்குக்கா. எந்தப் புரதமும் செய்யாததும் நெறைய இருக்கு. அது தோட்டத்துல மணி அடிக்கிறவரு மாதிரி. அவரு ஒரு மரம்கூட வெட்டிப் பால் எடுக்கமாட்டாரு. ஆனா அவரு அடிக்கலன்னா யாரும் கத்திய கீழ வைக்கமாட்டாங்க. உங்களுக்கு முடிக்கிற மணி அடங்கிப்போச்சு. அங்க உள்ள செல்லெல்லாம் ஓவர்டைம் பாக்குது."

"ஓவர்டைமுக்கு யார கேட்டுச்சாம்?" என்றாள் இராசாத்தி.

அந்த ஆர்.என்.ஏ.வைத் தரும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அம்மாவிடமிருந்து வந்தது. இராசாத்தியின் இரத்தத்திலும் அதே எழுத்து இருந்தது; ஆனால் அவளுக்குள் இரண்டு மணிகளும் மெல்லிசாக அடித்துக்கொண்டிருந்தன. எழுத்து மாறினாலே நோய் வந்துவிடாது, ஆண்டுதோறும் வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். அக்காவின் கட்டி சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டிருந்தது. அறுவை நடந்தது, மருந்து ஏறியது, முடி கொட்டியது. மணி முழுவதுமாக நின்றது. ஊரில் பாதிப் பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

முடி சுருளாக முளைத்த மாதத்தில், லோகேஸ்வரி இலை மடித்துக்கொண்டிருந்தபோது, மதியம் இரண்டுக்கு மணி அடித்தது. அவள் இலையைக் கீழே வைத்தாள். அடுத்த பரிசோதனையில் எதுவும் இல்லை என்றார்கள்.

காலை மணியும் பிறகு திரும்பியது. ஞாயிற்றுக்கிழமையும் அடித்ததால், மணியம் தன் சுருட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது அந்த வீடுகளில் இரண்டு மணிக்கு மேல் யாரும் துணி துவைப்பதில்லை.