மூக்கின் நிறம்

எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

பொலிவிய மேட்டுநிலத்தில், ஏற்கெனவே இரண்டு கோழிகளைப் பறிகொடுத்த சாத்தூர்னினா என்பவள் கோழிக்கூண்டருகே வைத்த கண்ணியில் காட்டுப்பூனையொன்று சிக்கிச் சுருண்டிருந்தது. புல்வெளிப் பூனைக்கு மூக்கு சிவப்பு. கோழித் திருடனான அதைக் கொல்லலாம். மலைப்பூனைக்கு மூக்கு கறுப்பு, வால் தடிமன். லாமா மந்தையின் காவல் என்று ஊரார் நம்பும் அதைத் தொடலாகாது. வாலோ உடலுக்கடியில் மறைந்திருந்தது.

"மூக்கு செக்கச்செவேல்னு இருக்கு. அடிச்சிடு தம்பி" என்றாள்.

"அண்ணி தீர்ப்புக்கு அப்பீல் ஏது?" என்று கொழுந்தன் எவுசேபியோ தடியை ஓங்கினான்.

செத்த பூனையைக் கழுவியபோது சிவப்பு கரைந்தது. கண்ணியில் மாட்டிய தன் காலைப் பூனையே கடித்துக் குதறிய இரத்தம் அது. அடியில் மூக்கு கறுத்திருந்தது.

"இனிமே மந்தைக்கு யாரு அண்ணி காவல்?"

மறுநாள் இன்னொரு கோழியும் காணாமற்போயிற்று.

போனவை: கோழிகள் மூன்று, மலைப்பூனை ஒன்று, காவலைக் கொன்ற வீட்டார் கொண்டாடலாகாத, லாமாக்களின் காதில் வண்ணக் கம்பளிநூல் கட்டும் அவ்வாண்டுத் திருவிழா.