கண் எரியாத ஃபார்மலின்

விடியுமுன்பே ஓஷ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் கேன்களை இழுத்து இழுத்து எங்கள் தோள்பட்டை கழன்றுபோகும். நோயாளியிடம் வெட்டியெடுத்த சதை அழுகாமலிருக்க அதில்தான் ஊற வேண்டும். மூடியைத் திறந்தாலே மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி கண் எரியும். கொஞ்ச நாளாக எரியவில்லை. முதலாளி எமில்பெக் புது விசிறி மாட்டியிருந்தார். மகராசன் நன்றாயிருக்கட்டும் என்று நாங்களே வாழ்த்தினோம்.

அன்று அவர் ஒரு குப்பியோடு வந்தார். ஒரு பெண்ணின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு கொழகொழவென்று கெட்டுக் கிடந்தது.

"அந்தம்மாவுக்கு மறுபடி கத்தி வைக்கணும். கனிஷாய், நேரத்துக்கு ஊறப்போடாம தூங்கினியா? கிளம்பு, உனக்கு வேலை இல்ல."

கனிஷாய் இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்பவள். "வந்ததும் போட்டேன்ணே!" என்று அழுதாள்.

எங்களோடு வேலை செய்யும் புருல் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நானும் அவளை அப்படியே பார்த்தேன். நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டது முதலாளிக்கு வசதியாகப் போயிற்று.

அப்போது கரண்ட் போனது. விசிறி நின்றது. திறந்த கேன் எங்கள் காலடியில்தான் இருந்தது.

"ஏண்டி, உனக்குக் கண் எரியுதா?" என்றாள் புருல்.

"இல்லையே!" என்றேன்.

"எனக்கும் இல்ல. அடப்பாவி மனுசா! தண்ணியக் கலந்துட்டு விசிறிக்குப் பேர் வாங்கினியா?"

"வாய அடக்கு! நல்ல சரக்குதான்."

புருல் தேநீர் அறைக்கு ஓடி ஒரு ரொட்டியோடு வந்தாள். ரொட்டியைத் தொட்டுப் பொய் சொன்னால் அந்த ரொட்டியே அடிக்கும். எங்கள் ஊர்க் குடிகாரன்கூட அதற்கு அஞ்சுவான்.

"கலக்கலேன்னு இதத் தொட்டுச் சொல்லுங்க."

எமில்பெக் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "பத்தாம்பசலிங்களா! இஷ்டமில்லேன்னா எல்லாரும் போங்க. நாளைக்கே வேற ஆள் வரும்."

நான் ரொட்டிமேல் கை வைத்தேன். "இந்தத் தண்ணியில இனி யார் சதையையும் போடமாட்டேன். கனிஷாய் போனா நானும் போறேன்."

என் கைமேல் புருலின் கை விழுந்தது. அதன்மேல் கனிஷாயும் கை வைத்தாள்.

"எத்தன நாளைக்கு இந்த வீறாப்பு?" என்று எமில்பெக் சிரித்தார்.

"பாத்துடுவோம்," என்றாள் புருல்.

மூவரும் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்துகொண்டோம். மருத்துவமனை வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் தாலாய் புதுச் சதைத் துண்டுகள் இருந்த குப்பிகளோடு இறங்கினார். அதுவரை அழுதுகொண்டிருந்த கனிஷாய் எழுந்துபோய்க் கதவை மறித்தாள்.

"இங்க குடுக்காதீங்கண்ணே. உள்ள இருக்கறது வெறும் தண்ணி. அழுகிடும்."

"டேய், கொண்டாடா உள்ள!" என்று எமில்பெக் கத்தினார்.

தாலாய் அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குப்பிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, "டாக்டருகிட்ட நானே சொல்றேன் தங்கச்சி," என்று வண்டியைத் திருப்பினார்.