விசிலுக்குப் பிறகு

"தோத்துப்போற பொண்ணைப் பத்தித் தெரிஞ்சுக்க எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும், சொல்லுங்க?" என்று கத்திரி கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதிப்பகத்தில் என் நாவல்களைத் திருத்துகிறவருக்கு நான் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார், தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருப்பார்.

நான் ஒரு நாளிதழில் விளையாட்டு நிருபர். கால்பந்தும் ஹாக்கியும் எழுதிப் பிழைப்பு நடக்கிறது. மிச்ச நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறேன். இந்த நாவலில் ஒரு கோல்கீப்பர் பெண். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தை அவள் விட்டுவிடுகிறாள். அணி தோற்கிறது, அவள் அழுகிறாள், பயிற்சியாளர் தோளைத் தட்டிக்கொடுக்கிறார், கதை முடிகிறது.

"திங்கக்கிழமைக்குள்ள அவள ஜெயிக்க வெச்சுக் குடுத்துடுங்க. இல்லேன்னா இந்த வருஷம் புத்தகம் வராது. மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"அடுத்த வருஷம்?"

"அதை யாரு கண்டா."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய சாத்தலிலேயே என் கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"மேட்ச்சுக்குப் போறப்ப ரெண்டு ரிப்போர்ட் எழுதி வெச்சிப்பியே. அது மாதிரி இதுக்கும் இன்னொரு முடிவு எழுதிக் குடுத்துட்டுப் போயேன். நீதான் புடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிப்ப."

அவர் சொன்னது எங்கள் தொழில் வழக்கம். விசில் ஊதிய கையோடு செய்தி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அதனால் ஆட்டம் நடக்கும்போதே 'ஜெயிச்சா' என்று ஒன்றும் 'தோத்தா' என்று ஒன்றும் எழுதி வைத்துக்கொள்வோம். முடிந்ததும் பொருந்துகிறதில் ஸ்கோரைச் சேர்த்து அனுப்பிவிட்டு மற்றதை அழித்துவிடுவோம்.

சரி என்று உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் அவளை ஜெயிக்க வைத்துவிட்டேன். அவ்வளவு லேசாக வந்ததில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கணவர் படித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. போன வாரம் பேப்பர்ல நீ எழுதின மாதிரியே இருக்கு."

பாவம், பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

சனிக்கிழமை பள்ளிப் பெண்களுக்கான கால்பந்து இறுதி ஆட்டம். வழக்கம்போல இரண்டு ரிப்போர்ட்டையும் அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாம் பாதியில் அலுவலகத்திலிருந்து போன்.

"விளம்பரம் வந்துடுச்சுக்கா, பக்கத்துல எடம் இல்ல. உங்களுக்கு நாலு வரிதான். ஸ்கோர் மட்டும் போதும்."

"நாலு வரிக்கா என்னை வெயில்ல காய வெச்சீங்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் லைனைத் துண்டித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நீலச் சட்டை அணியின் கோல்கீப்பர் ஒரு பந்தைக் கைக்கு அடியில் விட்டாள். அதோடு ஆட்டம் முடிந்தது. நான்கு வரியைப் போனிலேயே தட்டி அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

இத்தனை வருடத்தில் விசிலுக்குப் பிறகு மைதானத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் கலைகிற நேரத்தில் என் தலை லேப்டாப்புக்குள் இருக்கும். அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்திருந்தது.

ஜெயித்தவர்கள் கோப்பையோடு போட்டோவுக்கு நின்றார்கள். நீலச் சட்டைகளில் இரண்டு பேர் அழுதார்கள். கோல்கீப்பர் அழவில்லை. குழாயடியில் கையுறையைக் கழுவிக்கொண்டே, தன் அணியின் நெட்டைப் பெண்ணைப் பிடித்து விளாசிக்கொண்டிருந்தாள்.

"பந்து வருதுன்னு நீ ஏன் கத்தல?"

"கத்தினேன்டி. உனக்குத்தான் கேக்கல."

"பொய் சொல்லாத. சரி வா, அதே எடத்துலேர்ந்து அடி."

"பஸ் போயிடும்டி."

"ஒரே ஒரு தடவை."

நெட்டைப் பெண் அடித்தாள். பந்து உள்ளே போனது. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் போனது.

"ஒரே ஒரு தடவைன்னியே."

"வாய மூடிட்டு அடி."

மைதானக்காரர் ஏணியோடு வந்து நின்றார். "வலையை அவுக்கணும்மா."

"அவுத்துக்கோங்கண்ணே. கம்பம் இருந்தா போதும்."

எனக்குப் பொட்டில் அறைந்ததுபோல இருந்தது. நான் எழுதிய இரண்டு முடிவுமே விசிலோடு நின்றுவிட்டன. ஜெயித்தால் தூக்கிக் கொண்டாடு, தோற்றால் அழு, ஸ்கோரைச் சேர்த்து அனுப்பு. கத்திரி கேட்டது ஒரு ரிப்போர்ட் என்றால், நான் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போட்டதும் இன்னொரு ரிப்போர்ட்டுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். தட்டிக்கொடுக்கிற பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினேன். வலை அவிழ்த்த கம்பங்களுக்கு நடுவே என் கோல்கீப்பர் ஈரக் கையுறையோடு நிற்கிறாள். எதிரே தோழி காலை ஓங்குகிறாள். அங்கேயே நிறுத்தினேன்.

திங்கட்கிழமை கத்திரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இதுலயும் தோல்விதானா?"

"தோல்விதான். ஒரு வார்த்தை வெட்டினாலும் மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். இந்த வருஷமும் வேணாம், எந்த வருஷமும் வேணாம்."

வாய் அப்படிப் பேசியதே தவிர, இந்தப் பதிப்பகத்தை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். பேனா பக்கத்தின் மேலேயே அலைந்தது, எங்கும் இறங்கவில்லை. கடைசித் தாள் முடிந்ததும் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான்."

"அந்தப் பந்தைப் புடிச்சாளா, இல்லையா?"

"தோத்துப்போன பொண்ணாச்சுங்களே அவ. அவளைப் பத்தித் தெரிஞ்சுக்க யாருக்கு ஆசை?"

என்னை முறைத்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "சரி. மேலிடத்துல நான் பேசிக்கறேன்."

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாதிப் படி இறங்கியிருப்பேன், மேலே கதவு திறந்தது.

"எனக்கு மட்டுமாவது சொல்லிட்டுப் போங்க. புடிச்சாளா?"

நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.